அப்பா வேலை பார்த்த ஸ்டேஷன், 87இல் ஒரு பங்கு

ஜூன் 8, 2025

காலையிலிருந்து சாரல். குற்றாலத்துக்குக் கூட்டம் கிளம்பிவிட்டது. எனக்கு மாடி அறையும் மேசையும் போதும்.

மாடல் ரயிலுக்குத் தண்டவாளம் போன மாதமே போட்டாயிற்று. மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மி.மீ. நான் செய்வது ஹெச்ஓ அளவு, அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு. வகுத்தால் 11.5 மி.மீ. வருகிறது. கடையில் கிடைப்பது 12 மி.மீ. பாதை. மீட்டர்கேஜ் மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த அரை மில்லியைக் கண்டுகொள்வதில்லை, நானும்தான்.

இனிமேல் கட்டடங்கள். பெட்டியில் அடைத்து விற்கும் ஸ்டேஷன்கள் ஜெர்மன் மலைக்கிராமத்தையோ இங்கிலாந்தையோ சேர்ந்தவை. புகைபோக்கி இருக்கும், திண்ணை இருக்காது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த கட்டடம்தான் எனக்கு வேண்டும். அது எந்தப் பெட்டியிலும் வராது. அட்டையை வெட்டித்தான் எழுப்ப வேண்டும்.

கட்டடமும் இப்போது இல்லை. 1904இல் போட்ட அந்தப் பாதையில் 2010இல் மீட்டர்கேஜை நிறுத்தினார்கள். 2018இல் அகலப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கியபோது அப்பாவின் ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஜல்லிக்குவியல்தான் கிடந்தது. கையில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. அப்பா மாற்றலாகிப் போன அன்று எடுத்தது. வெள்ளைச் சீருடை, கழுத்தில் மாலை, பின்னால் முழுக் கட்டடம்.

ஜூன் 10

போட்டோவில் அளவுகோல் வைத்துக் கணக்குப் போட்டேன். அப்பா நெற்றி முடியிலிருந்து செருப்பு வரை 22 மி.மீ. கூரையின் இறவாரம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 113 மி.மீ. அப்பாவின் உயரம் 165 செ.மீ. என்பது அவருடைய சர்வீஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆக இறவாரத்தின் நீளம் சுமார் 8.5 மீட்டர். 87ஆல் வகுத்தால் 97 மி.மீ. கூரை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பதைக் கழித்தால் சுவர் 83 மி.மீ.

அப்பாவையே அடிக்கோலாக்கிவிட்டேன். இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஜூன் 13

சுவருக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. இந்த வேலைக்கு அதைவிட நல்ல அட்டை கிடையாது. விலை அதிகமான பத்திரிகையாக இருந்தால் இன்னும் நல்லது, விறைப்பாக இருக்கும். தங்க எழுத்து உள்பக்கம் போகும்படி இரண்டை முதுகோடு முதுகு ஒட்டினேன். என் ஸ்டேஷன் சுவருக்குள் யாருடைய முகூர்த்தமோ ஒளிந்திருக்கிறது.

ஒட்டும்போது ஃபெவிகாலில் தண்ணீர் கலக்கவே கூடாது. சாரல் காலத்தில் அட்டை ஏற்கெனவே ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். ஒட்டியதும் மேலே ஒரு கனமான அகராதி, ஒரு ராத்திரி முழுக்க.

ஜூன் 17

அசல் கருங்கல் கட்டடம். மெல்லிய பட்டி பூசி, அது பாதி காய்ந்திருக்கும்போது ஊசியால் கல் கல்லாகக் கீறினேன். முழுக்கக் காய்ந்தால் பெயர்ந்து வரும், ஈரமாக இருந்தால் ஊசியோடு இழுத்துக்கொண்டு வரும். நடுவில் ஒரு இருபது நிமிஷம்தான் கைக்கு அடங்கும்.

முதல் சுவரை ஆசையில் கெடுத்தேன். அசலில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு செ.மீ. சாந்து என்றால் மாடலில் அது 0.1 மி.மீ. கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஆழமாகக் கீறினேன், சுவர் பலாப்பழத் தோலாகிவிட்டது. இரண்டாவதில் ஊசியைக் கனமே கொடுக்காமல் நகர்த்தினேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடே இல்லாத மாதிரி இருக்கிறது. இரண்டடி தள்ளி நின்றால் கல்.

நிறம்: ஒரே சாம்பலாக அடித்தால் சிமெண்ட் சுவர் ஆகிவிடும். சாம்பல் காய்ந்த பிறகு அங்கொன்று இங்கொன்றாகச் சில கற்களுக்கு மட்டும் லேசான பழுப்பு, லேசான நீலம். கடைசியாக டீ டிகாக்ஷனை நீர்க்க விட்டு ஒரு முறை தடவினேன். அது கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜூன் 24

ஜன்னல், கதவு. சொல்ல ஒன்றுமில்லை, கண் வலி.

ஜூன் 29

இனி ஓடு. போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது, மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மேற்குக் கரையையும் மலையையும் மூடிய அதே சிவப்பு.

சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு பிடிக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போக வெளியே தெரிவது அகலத்தில் 21 செ.மீ., நீளத்தில் 32. மாடலில் 2.4 மி.மீ., 3.7 மி.மீ. சரிவுக்குப் பதினொரு வரிசை, இரண்டு சரிவு. தொள்ளாயிரத்துச் சொச்சம் ஓடு. தனித்தனியாக வெட்டி ஒட்டினால் அடுத்த சாரல் வந்துவிடும்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது தோன்றியது, போல்ட்! 20 எம்.எம். போல்ட்டின் மரைக்கும் மரைக்கும் இடைவெளி 2.5 மி.மீ. காலையில் இரும்புக்கடைக்குப் போய் அரையடி நீளத்தில் முழு மரை போட்ட கம்பி கேட்டேன்.

"நட்டு எத்தனை வேணும் சார்?"

"நட்டு வேண்டாம்."

"நட்டு இல்லாம என்ன பண்ணுவீங்க?"

ஓடு போடப்போகிறேன் என்றேன். பேசாமல் பில் போட்டார்.

பிரியாணிக் கடையில் தரும் அலுமினிய டப்பாவைக் கழுவி, ஐந்து மி.மீ. பட்டைகளாக வெட்டி, பழைய சைக்கிள் டியூப் ரப்பர்மேல் வைத்து, கம்பியை அழுத்தி ஒரே உருட்டு. பட்டை முழுக்க வரிவரியாகப் பள்ளம் விழுந்தது. செங்காவி அடித்துப் பார்த்தேன். ஓடுதான்! ராத்திரி பத்து மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்கு எய்யா, படு" என்றாள்.

ஜூலை 2

இன்று சந்தோஷம் போயிற்று.

எத்தனை ஓடு வேண்டும் என்று பார்க்க, போட்டோவைப் பெரிதாக்கி இறவாரத்தின் ஓடுகளை எண்ணினேன். 44. மறுபடி எண்ணினேன். 44. ஒரு ஓடு 21 செ.மீ. என்றால் 9.24 மீட்டர். மாடலில் 106 மி.மீ. நான் கட்டிவைத்திருப்பது 97.

ஓடு பொய் சொல்லாது, ஒரே அச்சில் வார்த்தது. அப்படியென்றால் பொய் சொன்னது அப்பா.

ஜூலை 3

சாப்பிடும்போது அம்மாவிடம் போட்டோவைக் கொடுத்தேன். அப்பாவின் உயரம் சரிதானா, காலுக்குக் கீழே கல் எதுவும் போட்டு நின்றாரா?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் சுவரோட சேந்துதான் நின்னோம். போட்டோக்காரர் தண்டவாளத்துக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, மாஸ்டர் மட்டும் ஒரு எட்டு முன்னால வாங்கன்னாரு. உங்கப்பா வெக்கப்பட்டுக்கிட்டே வந்தாரு."

அதேதான். கேமராவிலிருந்து இறவாரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர், அப்பா ஒரு மீட்டர் முன்னால் என்று வைத்தால் அவர் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்ற கணக்கில் பெரிதாக விழுந்திருப்பார். அவரை வைத்து அளந்த கட்டடம் அதே கணக்கில் சிறுத்துவிட்டது. 106ஐப் பதினொன்றால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 97. ஒரு எட்டு, எட்டு சதவீதம்.

போட்டோவை அம்மா திருப்பித் தரவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

ஜூலை 6

ஒப்பேற்றிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பார்க்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தினால் எனக்குத் தெரிகிறது, கதவு பெட்டியின் கதவைவிடக் குள்ளம். சரி, மறுபடியும் கட்டுவது. சுவர் இந்த முறை 91 மி.மீ.

பழையதை எறியவில்லை. திண்ணையை வெட்டிவிட்டு, முன்பக்கம் அகலக் கதவு வைத்தால் கூட்ஸ் ஷெட். பலாப்பழச் சுவர் கேங்மேன் குடிசைக்கு.

ஜூலை 19

நான்கு நாள் விடாத மழை. புதிய கூரையின் அடி அட்டை பப்படம் மாதிரி வளைந்துவிட்டது. உள்ளே குறுக்குச் சட்டம் கொடுக்காதது என் சோம்பேறித்தனம். ஊதுபத்திக் குச்சியை முக்கோணமாக வெட்டி ஐந்து இடத்தில் கொடுத்தேன். வெளியே தெரியும் கைமரங்களுக்கு ஈர்க்குச்சி. இப்போது நிமிர்ந்து நிற்கிறது.

ஓடு 42தான் வந்தது, 44 அல்ல. மரை 2.5, வேண்டியது 2.4. இந்த இரண்டு ஓட்டைக் கள்ளக்கணக்கில் எழுதிக்கொள்கிறேன். அம்மா எண்ணமாட்டாள்.

ஜூலை 27

உள்ளே டோக்கன் பெட்டிகள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஒற்றைப் பாதையில் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த உருண்டை டிரைவர் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை வண்டி போகலாம். வளையத்தில் கோத்த பைக்குள் அதைப் போட்டு அப்பா தூக்கிப் பிடிப்பார், ஓடுகிற எஞ்சினிலிருந்து கை நீளும், பை போய்விடும். அவர் தோள் பக்கத்தில் ஒரு தழும்பு இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பெட்டிகளின் ஓரம் மட்டும் தெரிகிறது. போதும்.

வெளியே மணல் வாளி நான்கு. ரீஃபில் குழாயை மூன்று மில்லிக்கு நறுக்கிச் சிவப்படித்தேன். மணிக்குத் தண்டவாளத் துண்டு. பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பு, மூன்று மொழி. ஃ, ஞ இல்லாத ஊர்ப்பெயர் என்பதால் பிழைத்தேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா சித்ரான்னங்கள் செய்து முடித்து, மூட்டு வலியோடு மாடி ஏறி வந்தாள்.

நேற்றுதான் அப்பாவை முடித்தேன். செம்புக் கம்பியை முறுக்கி, பட்டி பூசி, 19 மி.மீ. வெள்ளைச் சீருடை. இறவாரத்திலிருந்து 11.5 மி.மீ. முன்னால் பென்சிலால் புள்ளி வைத்து அதன்மேல் ஒட்டியிருந்தேன்.

குனிந்து பார்த்தாள். "பால்காரன் மாதிரி இருக்காரு" என்றாள். அப்புறம், "மாலை எங்க?"

மாலை போடவில்லை, இது சாதாரண நாள், வண்டி வருகிற நேரம் என்றேன்.

"அப்ப எதுக்கு முன்னால நிக்காரு? சுவரோட சேத்து வை."

பசை காய்ந்துவிட்டது. பிளேடால் நெம்ப வேண்டும்.