காக்காயும் கணக்கில் உண்டு

"காக்காயையுமா எழுதுறீக?"

தனுஷ்கோடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன், நான் பறவைகளைப் பதிந்துகொண்டிருந்த கைபேசியை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

சற்றுத் தள்ளி, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன பூநாரைகள். 2025-ல் இங்கே சரணாலயம் வந்தது இவற்றின் பெயரில்தான். படமெடுக்க வருபவர்களுக்கும் இவைதான் வேண்டும்.

ஆனால் பறவை பார்ப்பவர்கள் பட்டியல் பதியும் ஈபேர்ட் (eBird) செயலியில், கண்ட பறவை எல்லாவற்றையும் பதிந்தால்தான், பட்டியலில் வராத பறவை அன்று தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். இல்லாவிட்டால், நாளைக்கு உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் குறைந்துபோனால் எதை வைத்துச் சொல்வது?

அண்ணன் விடவில்லை. "அப்ப தீவுப் பக்கம் யாரு போயி எழுதுறா?"

சரியான கேள்வி. கார் போகும் இடத்தில்தான் வரைபடத்தில் எங்கள் பதிவுப் புள்ளிகளும் குவிந்து கிடக்கின்றன.