பாலிஷ் மட்டும் போதாது, பேடையும் பாருங்கள்

தீபாவளி நெருங்க நெருங்க சுங்கை சிப்புட் தம்பிகள் கார் பாலிஷ் போடும் மெஷினும் கையுமாக இருக்கிறார்கள். "அண்ணே, எந்தப் பாலிஷ் நல்லது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேடைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

ஒரே பாலிஷ் கம்பளி பேடில் பெயிண்டைக் கடுமையாக வெட்டும், மென்மையான ஃபோமில் மினுக்கு மட்டும் தரும். நிறத்தை நம்பி பேட் வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு வேறு, இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு வேறு.

செம்பனை லாரி போகும் ரோட்டில் ஓடும் கார் என்றால் முதலில் நன்றாகக் கழுவி, கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டுவிடுங்கள். செம்மண் தூசி ஒட்டியிருக்கும்போது மெஷின் வைத்தால் புதுக் கீறல்தான் விழும்.

அப்புறம் சோதித்துப் பார்க்க பானெட்டில் டேப் ஒட்டி ஒரு சின்னச் சதுரம். மென்மையான ஃபோம், மெகுயர்ஸ் 205 மாதிரி ஃபினிஷிங் பாலிஷ். ஆல்கஹால் கலவையால் துடையுங்கள், ஏனென்றால் பாலிஷின் எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றும். டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டக் கோடு இன்னும் தெரிகிறதா? பாலிஷை மாற்றாமல் ஒரு படி கடுமையான பேடுக்கு ஏறுங்கள். அதிலும் போகாவிட்டால்தான் பாலிஷைவிடக் கடுமையாக வெட்டும் காம்பவுண்டு. பல கார்களில் பெயிண்டின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் சுமார் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. நகம் மாட்டும் கீறலை விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

வெயிலில் செய்யாதீர்கள், சூட்டில் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.