தில்லானைக் கோட்டைக்குள் கூரை இல்லாத ஒரு கோயில்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் இன்று யாரிடம் கேட்டாலும் உதயகிரிக் கோட்டை என்றுதான் சொல்வார்கள். என் ஆச்சிக்கு அது கடைசிவரை தில்லானைக் கோட்டை. சின்ன வயதில் தில்லானை என்பது அரண்மனையில் இருந்த ஏதோ ஓர் ஆனையின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அது ஒரு மனுஷனின் பெயர், யூஸ்தாக்கியுஸ் டி லென்னாய் என்ற பெயரை நம் ஊர் வாய் அப்படி மாற்றிக்கொண்டது என்று தெரிந்தபோது கல்லூரிக்கே போய்விட்டேன். அந்தக் கோட்டைக்குள் அவர் அடங்கியிருக்கும் சிறு தேவாலயம் ஒன்று இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். அதற்கு முன்னால் பள்ளிச் சுற்றுலாவில் அதே கோட்டைக்குள் ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறேன், மான்களையும் மயில்களையும் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

போன லீவுக்கு அக்கா குடும்பத்தோடு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். வழக்கம்போல பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை, 1956 நவம்பர் 1ல் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோதும் அரண்மனை அவர்களிடமே இருந்துவிட்டது, அதனால் உள்ளே பாதிப் பேர் மலையாளத்திலும் பாதிப் பேர் தமிழிலும் பேசிக்கொண்டு போவார்கள். அங்கே ஓர் ஓவியம் இருக்கிறது. குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையின் டி லென்னாய் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைகிற காட்சி. வருகிற எல்லோரும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறார்கள். அக்கா மகளும் நின்றாள், அப்புறம் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, அப்புறம் அவரைக் கொன்னுட்டாங்களா?" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவே. படத்தில் அவர் கதை சரணடைவதோடு நின்றுவிடுகிறது. மிச்சக் கதை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், புலியூர்க்குறிச்சியில் கோட்டைச் சுவருக்குள்ளே கிடக்கிறது. அங்கே போகிறவர்கள் கொஞ்சம்தான்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிளகு வியாபாரம் கையை விட்டுப் போகிறதே என்று டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து கப்பலில் படையை அனுப்பிக் குளச்சலில் இறங்கினார்கள். 1741 ஆகஸ்டில் தோற்றார்கள். பனைத்தடிகளைக் கரையில் வரிசையாக அடுக்கிப் பீரங்கி மாதிரி காட்டி ஏமாற்றினோம் என்று கடற்கரையில் இப்போதும் கதை சொல்வார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டி லென்னாய், டச்சுப் படையில் வேலை பார்த்த கத்தோலிக்கர், வயது இருபத்தைந்து சொச்சம். ராஜா அவரைக் கொல்லவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, என் படைக்கு உங்கள் ஊர்ப் பயிற்சியைச் சொல்லிக்கொடு என்றார். அவரும் இருந்துவிட்டார். திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லில் எடுத்துக்கட்டும் வேலையை மேற்பார்த்து, அதற்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலையும் போட்டு, கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டையையும் பலப்படுத்தி, கடைசியில் படைத்தலைவராகவே ஆனார். சனங்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். பெரிய தளபதி என்று அர்த்தம்.

அவ்வளவு பெரிய பதவியில் இருந்தும் அரண்மனை வளாகத்தில் அவருக்குக் குடியிருப்பு கிடையாது, கிறிஸ்தவர் என்பதால். அதனால்தான் வாழ்க்கை முழுவதும் கோட்டைக்குள் என்று ஆகி, வீடும் அங்கே, வழிபாடும் அங்கே, கல்லறையும் அங்கே.

வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் முதலில் வனத்துறையின் பூங்காதான், மரங்கள், கூண்டுகள், ஊஞ்சல். கோட்டைக்குள்ளேயே ஒரு குன்று இருக்கிறது, ஏறக்குறைய 90 ஏக்கர் இடம், அதனால் நடக்கத் தயாராக வாருங்கள். தேவாலயம் தொல்லியல் துறை பொறுப்பில் இருக்கிறது. கூரை எப்போதோ போய்விட்டது. சுவர்கள் நிற்கின்றன, மேலே பார்த்தால் வானம், தரையில் சருகு. அந்தத் தரையில்தான் அவர், அவர் மனைவி மார்கரீத்தா, மகன் யோகன்னஸ் மூன்று பேரும். மகன் 1765ல் களக்காட்டுச் சண்டையில் இறந்தபோது இருபது வயது ஆகியிருக்கவில்லை. அப்பா எந்த ராஜாவிடம் கைதியாக வந்தாரோ அதே திருவிதாங்கூருக்காகச் சண்டை போட்டுப் பிள்ளை செத்திருக்கிறான். அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

அப்பா டி லென்னாயின் கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. லத்தீன் 'சிஸ்தே வியாத்தோர்' என்று தொடங்குகிறது. நில், வழிப்போக்கனே என்று பொருள். அதற்குப் பிறகு, இவர் திருவிதாங்கூர் படைக்குத் தலைவராக இருந்து கிட்டத்தட்ட 37 வருஷம் ராஜாவுக்கு ஊழியம் செய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை ஆயுதத்தாலும் அச்சத்தாலும் அடிபணிய வைத்தார், 1777 ஜூன் 1ல் இறந்தார் என்று போகிறது. குளச்சலும் தோல்வியும் கைதானதும் அதில் வரவே வரவில்லை. அரண்மனைச் சுவரில் இருப்பது அவர் வாழ்க்கையின் ஒரு நாள், இந்தக் கல்லில் இருப்பது அதற்குப் பிறகான 37 வருஷம். அக்கா மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தாள். லத்தீன் தொடக்கத்துக்கு அர்த்தம் சொன்னேன். "வழிப்போக்கன்னா நாமளா மாமா?" என்றாள். ஆமா என்றேன். உடனே எழுந்து நேராக நின்றாள்.

இன்னொரு விஷயமும் இந்த இடத்தோடு ஒட்டியது. அரண்மனை அதிகாரியாக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை டி லென்னாயோடு பழகித்தான் கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்டார், 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752ல் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் நினைவோடு சேர்ந்த முட்டிடிச்சான் பாறைக்கு இப்போது வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள், அதுவும் இதே புலியூர்க்குறிச்சியில்தான். அங்கே வருகிறவர்களிடம் இந்தக் கோட்டைக்குள் ஒரு கல் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஒருவராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பெரிய கட்டிடம், கண்ணாடிப் பெட்டி எதுவும் நான் கேட்கவில்லை. கல்லில் உள்ள லத்தீனை நல்ல தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒரு பலகை, மழைக்கு அழியாத மாதிரி, பெரிய எழுத்தில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை துணைக்கு ஆள் இல்லாமலே நின்று படிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் அந்தச் சுவர்களே அருங்காட்சியகம்தான்.

போகிறவர்களுக்கு: நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரோட்டில் புலியூர்க்குறிச்சி ஸ்டாப். அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலையில் அரண்மனை, அந்த ஓவியத்தைப் பார்த்த கையோடு கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த வரிசையில் பார்த்தால்தான் கதை சேரும். தண்ணீர் கொண்டுபோங்கள். அக்கா செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள், சருகுக்கடியில் முள் இருக்கும், பார்த்து நடக்க வேண்டும்.