மணற்காட்டில் வரலாறு பேசப் போகிறவர்களுக்கு

வடமராட்சி கிழக்கில் கடலோர மணல்மேடுகள் உள்ள மணற்காட்டை 'யாழ்ப்பாணத்தின் பாலைவனம்' என்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது போதும். ஆட்களைக் கூட்டிப்போய் வரலாறு பேசுகிறவர் முதலிலேயே அதைத் திருத்த வேண்டும். தார்ப் பாலையின் ஜெய்சால்மரில் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீற்றர் அளவுதான். குடாநாட்டில் 1,200க்கு மேல், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடும். இங்கே கடல் ஒதுக்கிய மணலைத்தான் காற்று மேடாக்கியிருக்கிறது.

உரையை வல்லிபுரத்தில் தொடங்குங்கள். பருத்தித்துறையிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர். ஆழ்வார் கோயில் வீதியில் நிழலும் தண்ணீரும் உண்டு. 1936இல் இந்த அயலில் கிடைத்த பொன்னேட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிராமி எழுத்தில் நான்கு வரி: அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தில், அமைச்சர் இசிகிரய நாகதீவை (யாழ்ப்பாணக் குடாநாட்டை) ஆண்டபோது, பியகுக திஸ்ஸ விகாரை அமைக்கப்பட்டது என்ற செய்தி. மொழி பிராகிருதமா பழஞ்சிங்களமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. கூட்டம் அந்தச் சர்ச்சைக்குள் இறங்கினால் காலை முழுவதும் அதிலேயே போய்விடும். ஏட்டில் உள்ளதை முதலில் வாசித்துக் காட்டிவிட்டு, இங்கே கிடைத்த புத்தர் சிலை 1906இல் சீயம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்குக் கொடுக்கப்பட்டதையும் சொல்லுங்கள். புரட்டாதித் திருவிழாவில் சக்கரத்தாழ்வார் இந்த மணல்மேடுகளைக் கடந்து சமுத்திர தீர்த்தத்துக்கு எழுந்தருளுவதையும் விடக்கூடாது. மணலும் வழிபாடும் ஒன்றாய் நடக்கிற நாள் அது.

பிறகு குடத்தனை வழியாக மணற்காடு. மோட்டார் சைக்கிளைத் தார்த் தெருவிலேயே விடுங்கள். மணலில் பின்சில்லு புதைந்தால் முறுக்க முறுக்க இன்னும் கீழேதான் போகும். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், பின்வார் உள்ள செருப்பு. கூட்டம் 25 பேரைத் தாண்டினால் பின்னால் நிற்பவர்களுக்குக் குரல் எட்டாது. ஒலிவாங்கி வைத்தால் காற்றின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும்.

நிற்கும் இடத்தைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் காலை 7 மணிக்குள் வாருங்கள். பேசுகிறவர் தென்மேற்கில் நின்றால் குரல் காற்றோடு போகும். கேட்கிறவர்களுக்கு வெயில் முதுகில். இதையே பின்னேரம் செய்தால் சூரியன் அவர்கள் கண்ணுக்கு நேரே நிற்கும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் எல்லாம் தலைகீழ், அப்போது பின்னேரம்தான் நல்லது.

கடற்பக்கம் இறங்கியதும் இராவணன் மீசை என்ற மணற்புல்லைக் காட்டுங்கள். ஈர்க்குப்போல விறைத்த இலை, நுனி காலில் ஏறும். காய்ந்த விதைப்பந்து காற்றில் முள்ளை ஊன்றி உருண்டு ஓடி, எங்கோ உடைந்து முளைக்கும். அதன் தூரில் மணல் தடைபட்டுக் குவியும். குவியக் குவிய அது மேலே வளரும். மேடு பிறப்பது இப்படித்தான். அருகில் அடம்பன். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பதைச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. உட்பக்கத்துச் சவுக்கு மட்டும் மணலைப் பிடிக்க மனிதர் நட்டது.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது தண்ணீருக்கு. மேட்டு மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே அந்த 1 அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். மண் அள்ளிய கிடங்கு ஒன்றின் விளிம்பில் நின்று இதைச் சொல்லுங்கள். வடமராட்சி கிழக்கில் களவாய் மணல் ஏற்றுவது ஊரின் கிணற்றைக் களவெடுப்பதற்குச் சமம் என்பது அங்கேதான் ஆட்களுக்கு வடிவாக விளங்கும்.

கடைசியாகப் பழைய அந்தோனியார் கோயில். கூரை போய் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஒரே இரவில் மணல் விழுங்கியது போன்ற கதைகளைச் சேர்க்காதீர்கள். சுவரின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள்: உப்புக்காற்று கல்லுக்குள் புகுந்து, காய்ந்து படிகமாகி, உள்ளிருந்தே பொருக்கு வெடிக்கிறது. சாந்து விரல் பட்டாலே மாவாக உதிரும். ஆகவே சாயவும் ஏறவும் விடக்கூடாது, படத்துக்காகக்கூட.

இங்கே கடைசி அரை மணித்தியாலத்தை ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு விடுங்கள். முன்கூட்டியே போய் மரியாதையாகக் கேட்டு, கடல் தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள். எந்தப் பள்ளம் முன்பு கிணறாக இருந்தது, 2004 டிசம்பர் 26 கடல் எந்த மேட்டுடன் நின்றது என்று அவர் கையை நீட்டிக் காட்டுவார். அப்போது இடையில் புகுந்து திகதி திருத்தாதீர்கள்.