கீரியும் நாயும் நுழையாத வாத்துக் கூண்டு: கணியம்பாடியில் நாங்கள் கட்டிய விதம்

நாய் துரத்தினால் நாட்டுக்கோழி முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். வாத்துக்கு அந்த வழியும் இல்லை. உயரப் பறக்காது, கிளையில் அடையாது, ஓட்டத்திலும் மந்தம். தரையில் உட்கார்ந்து அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிடும். அதனால் முதலில் கூண்டு, அதன் பிறகுதான் வாத்து என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தினமும் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஆனாலும் பொறுத்துக்கொண்டாள்.

எங்கள் வீடு கணியம்பாடியிலிருந்து அமிர்திக்குப் போகும் வழியில் இருக்கிறது. வீட்டின் பின்புறம் கரம்பு நிலம், அதைத் தாண்டிப் பாறைக் குன்று. கீரியைப் பட்டப்பகலிலேயே பார்க்கலாம். இரவில் மரநாய் ஓட்டின்மேல் நடக்கும். சில நாட்கள் நரியின் ஊளையும் கேட்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தெருநாய்களிடம்தான். நாய் முட்டித் தள்ளும், பல்லால் கவ்வி இழுக்கும். நரி தோண்டும். மரநாய் ஏறும். கீரிக்கு ஒரு சந்து போதும். பெருச்சாளி மண்ணுக்குள்ளிருந்து வரும். சாரைப்பாம்பு முட்டையைத் தேடி வரும். வெற்று மனையைச் சுற்றி வந்து, இவற்றில் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்த பிறகே அளவு எடுத்தேன்.

வேலூர் இரும்புக்கடையில் அறுகோணக் கண் உள்ள கோழி வலையைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். விலை குறைவு. ஆனால் அது கோழி வெளியே போகாமல் தடுக்கும் வலை. வெறிகொண்ட நாயைத் தடுக்கும் வலை அல்ல. முறுக்கிய மெல்லிய கம்பி, ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துவிடும். நான் துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் பற்றவைத்த வலை, வாங்கினேன். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அரை அங்குலக் கண், அதற்கு மேலும் கூரைக்கும் ஒரு அங்குலக் கண். வாத்து வலையோடு ஒட்டிப் படுக்கும் பழக்கமுள்ளது. கண் பெரிதாக இருந்தால் பூனை காலை உள்ளே விட்டுச் சிறகைப் பிடித்து இழுத்துவிடும். செலவில் பெரும்பகுதி இந்த வலைக்கே போனது. இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், ஆறடி உயரம். ஆள் நிமிர்ந்து நின்று கூட்ட முடியாத கூண்டைத் தினமும் சுத்தம் செய்ய யாருக்கும் மனம் வராது. பட்டறையில் ஆங்கிள் (L வடிவ இரும்பு) சட்டம் அடித்துக் கொடுத்தார்கள்.

அடுத்தது தரை. நான் மிக அதிகமாக யோசித்தது இதைத்தான். வலையை ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். எங்கள் மண்ணில் ஒரு சாண் இறங்கினாலே கடப்பாரை பாறையில் மோதிச் சத்தம் கேட்கும். அதனால் புதைக்கும் திட்டத்தையே விட்டுவிட்டு, அரை அங்குல வலையைக் கூண்டைச் சுற்றி வெளிப்புறமாக இரண்டடி அகலத்துக்குப் படுக்கையாக விரித்தோம். சேலையின் கரைபோல் நான்கு பக்கமும் ஓடும். அதன் உள்விளிம்பைச் சட்டத்தின் அடிக்கம்பியோடு நெருக்கமாகக் கட்டி, மேலே கருங்கல்லும் சரளை மண்ணும் போட்டு மூடினோம். தோண்டும் விலங்கு சுவரின் அடியில்தான் கால் வைக்கும். அங்கே கம்பி தட்டுப்படும். இரண்டடி பின்வாங்கி அங்கிருந்து சுரங்கம் போட அதற்குத் தோன்றாது. புல் முளைத்ததும் வேர்கள் வலையைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும்.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தோம். நாய் முட்டினால் கதவு சட்டத்தோடு இன்னும் இறுகும். மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாளில் பூட்டு. கதவுக்கு அடியில் சந்து விழாமல் சிமென்ட் வாசற்படி.

கூண்டுக்குள் இரவுக்கென்று நான்கடிக்கு மூன்றடியில் ஒரு மரப்பெட்டி. தரையில் நெல் உமி. மேற்புறமாக வலை போட்ட காற்றுவழி இருக்கிறது. வாத்தின் மூச்சில் ஈரம் அதிகம், அடைத்து வைத்தால் நோய் வரும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பக்கத்தில் வெறும் தகரம் போடுவது கொடுமை. தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்ந்து, வேப்பமர நிழலில் வைத்தோம். கூரைக்கு மேல் தொங்கிய கிளைகளை வெட்டிவிட்டோம். தண்ணீர்த் தொட்டி தலை முழுவதும் முங்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். கண்ணையும் மூக்கையும் வாத்து அதில்தான் கழுவிக்கொள்ளும். தொட்டியை வலையை ஒட்டி வைக்காமல் நடுவில் வைத்தேன். ஓரத்து மண் நனைந்து இளகினால் தோண்டுவது சுலபமாகிவிடும்.

கண்ணி வைக்கச் சொன்னவர்கள் உண்டு, கம்பியில் கரண்ட் விடச் சொன்னவர்களும் உண்டு. இரண்டையும் மறுத்துவிட்டேன். கீரி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கரண்ட் வைத்த வேலி, தெருவில் ஓடி வரும் குழந்தையையும் கொல்லும். எங்களது காட்டுக்குப் பக்கத்து ஊர். விலங்குகள் வரத்தான் செய்யும். உள்ளே வராமல் தடுப்பது மட்டுமே நம் வேலை.

வேலை முடிந்த இரவு மகள் உள்ளே நின்று டார்ச் அடிக்க, நான் வெளியே குனிந்து சுற்றி வந்தேன். வெளிச்சம் கோடாக விழுந்த மூலைகளில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினோம்.

அறுவடை முடிந்த வயல்களில் மந்தை மேய்க்க வந்தவரிடம் இரண்டு ஆரணி வாத்துகளை வாங்கினோம். ஒற்றை வாத்து ஏங்கிப் போகும் என்று அவரே இரண்டாகக் கொடுத்தார். தீவனத்தைப் பற்றியும் எச்சரித்தார்: பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு மற்ற பறவைகளைவிட வாத்தைச் சீக்கிரம் கொன்றுவிடும். மிச்சத் தீவனத்தை மாலையில் எடுத்துவிடுகிறோம். அதை விட்டால் எலி வரும், எலியின் பின்னால் பாம்பு வரும்.

வந்த வாரத்திலேயே ஒரு காலையில் வடக்கு மூலைக் கற்கள் புரண்டு, மண் கீறிக் கிடந்தது. அடியில் வலை அப்படியே இருந்தது. கற்களை எடுத்து வைத்து, அந்த மூலையில் இன்னும் இரண்டு கூடை சரளை கொட்டினேன். வடகிழக்குப் பருவமழையில் சாதாரணக் கட்டுக்கம்பி துருப்பிடித்து அறும். அதற்கு முன் எல்லா முடிச்சுகளையும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியால் மாற்றிக் கட்ட வேண்டும்; சுருள் வாங்கி வைத்தாயிற்று.