வலந்தலை எந்தப் பக்கம்?

பென் டிரைவில் இரண்டு ஃபைல் இருக்கும். ஒன்று 'ட்ராக் 1', இன்னொன்று 'ட்ராக் 2'. இரண்டும் மோனோ, அதாவது ஒரே ஒரு தடம், இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸ். கூடவே வாட்ஸாப்பில் ஒரு வரி வரும்: "ஸ்டீரியோவாக்கிக் கொடுத்துடுங்க, சின்ன வேலைதான்."

சின்ன வேலைதான், மறுக்கவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் இழுத்துப் போட்டு, மேலே உள்ள ட்ராக்கின் மெனுவைத் திறந்து 'மேக் ஸ்டீரியோ ட்ராக்' கொடுத்தால் மேலே இருந்தது இடது காதுக்கும் கீழே இருந்தது வலது காதுக்கும் போய்விடும். நாலு விநாடி. எது எந்தப் பக்கம் வைத்த மைக், இரண்டும் ஒரே மெஷினில் பதிவானதா, கேபிள் சரியா என்று மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்காது. அது கேட்காமல் விட்டதையெல்லாம் சென்னையில் கச்சேரி கச்சேரியாக அலைந்து, வாங்கிக் கட்டிக்கொண்டுதான் நான் தெரிந்துகொண்டேன்.

முதல் அடி ஒரு மிருதங்க வித்வானிடமிருந்து. மேடைக்கு முன்னால் ஸ்டாண்டில் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்த கச்சேரி, நான் சேர்த்து அனுப்பியிருந்தேன். மறுநாள் காலையிலேயே போன். "ஏம்பா, என்னை எப்போ இடக்கையா மாத்தினே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். பாடுகிறவருக்கு வலது கைப் பக்கம் மிருதங்கம், இடது கைப் பக்கம் வயலின். சபையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது அப்படியே மாறும், மிருதங்கம் இடது காதில், வயலின் வலது காதில். ஏன் அங்கே உட்காருகிறார் என்றால், நடுவைப் பார்த்து உட்கார்ந்தால் அப்போதுதான் வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கும் முகம், சபையைப் பார்க்கும், இடது கை வாசிக்கும் தொப்பி மேடையின் பின்பக்கம் போகும். இடக்கை வாத்தியக்காரர் என்றால் எல்லாம் தலைகீழ், வயலின்காரர் எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர், அந்தக் காலத்தில் இடம் மாறி உட்கார எத்தனை வயலின்காரர்கள் முகம் சுளித்தார்கள் தெரியுமா என்று ஒரு அரைமணி நேரம் பேசிவிட்டு, "அவருக்கே அவ்வளவு பாடு, நீ என்னை ஒரே ராத்திரியில மாத்திட்டியே" என்று முடித்தார். நான் செய்தது இவ்வளவுதான்: 'ட்ராக் 1' என்றால் இடது என்று நானாக நினைத்துக்கொண்டேன். வயர் போட்ட பையன் மேடையில் நின்றபடி, தனக்கு இடது எதுவோ அதை ஒன்றாம் நம்பரில் செருகியிருந்தான்.

அடுத்த தப்பையும் மிருதங்கத்திலேயே செய்தேன், இது நானே கண்டுபிடித்தது என்பதில் ஒரு திருப்தி. வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக், பக்கத்தில் வைத்துப் பதிவு. இரண்டு மோனோதானே, சேர்த்தால் ஸ்டீரியோதானே என்று சேர்த்தேன். ஹெட்ஃபோனில் கேட்டால் 'தொம்' ஒரு காதில், 'நம்' இன்னொரு காதில். இரண்டு அடி நீள வாத்தியம் அறை முழுக்க நீண்டு கிடந்தது, என் தலை அதற்குள்ளே இருந்தது. முதலில் கேட்கும்போது பிரமாதமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் தலைவலி. இப்படிப்பட்ட ஜோடியை ஸ்டீரியோ ட்ராக்காக இணைக்கவே கூடாது. தனித்தனி ட்ராக்காகவே விட்டு, சத்தத்தை இடம் வலமாக நகர்த்தும் பேன் குமிழை வைத்து இரண்டையும் மேடையில் அவர் உட்கார்ந்த இடத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும், நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ஒரு டிசம்பர் கச்சேரி. இரண்டரை மணி நேரம். மிக்ஸர் கிடைக்கவில்லை, அதனால் இரண்டு கையடக்க ரெக்கார்டரை மேடையின் இரண்டு ஓரத்திலும் வைத்து, இரண்டையும் மோனோவில் ஓடவிட்டார்கள். நான் ஆரம்பத்தில் தம்புரா மீட்டும் இடத்தில் ஒரு இருமல் சத்தம் கிடைத்தது, அதை வைத்து இரண்டையும் நேர்ப்படுத்தி, ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துச் சேர்த்துவிட்டேன். சரி, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

வர்ணம் ஆரம்பிக்கும்போது பாடகி நடுவில் இருந்தார். வர்ணம் முடிவதற்குள் இடது ஓரத்துக்கு நகர்ந்திருந்தார். அரைமணி நேரம் தாண்டியதும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு நிழல் கேட்க ஆரம்பித்தது. தனி ஆவர்த்தனத்தில் ஒரே மிருதங்கத்தை இரண்டு பேர் வாசித்தார்கள், அதில் ஒருவருக்குத் தாளம் சுத்தமாக நிற்கவில்லை.

விஷயம் என்னவென்றால், 48,000 என்று இரண்டு மெஷினிலும் எழுதியிருந்தாலும் விநாடிக்கு 48,000 சாம்பிளை எண்ணுவது உள்ளே இருக்கும் ஒரு ஸ்படிகத் துண்டு. இரண்டு ஸ்படிகம் ஒரே மாதிரி துடிக்காது. ஒன்று பத்து லட்சத்தில் ஒரு இருபத்தெட்டு பங்கு வேகமாக ஓடினாலே போதும், இரண்டரை மணி நேரத்தில் கால் விநாடி தள்ளிப்போய்விடும். எங்களுக்கு ஆனது ஏறக்குறைய அதுதான். காது வேறு இதில் விளையாடும். சில மில்லி விநாடி வித்தியாசம் வரை அதை இரண்டு சத்தமாக எடுத்துக்கொள்ளாது, முதலில் வந்த பக்கத்திலிருந்து ஒரே சத்தம் வருகிறது என்று நம்பிவிடும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1949-லேயே தன் ஆய்வேட்டில் பேச்சை வைத்து இதை அளந்து எழுதியிருக்கிறார். பாடகி ஓரத்துக்கு நகர்ந்ததன் ரகசியம் இதுதான். முப்பது, நாற்பது மில்லி விநாடியைத் தாண்டிப் போனால்தான் காது எதிரொலி என்று ஒப்புக்கொள்ளும்.

சரிசெய்ய ஒன்றரை நாள் ஆனது. ஆரம்பத்து இருமலிலிருந்து மங்களம் முடிந்தபின் யாரோ மைக்கைத் தட்டிய சத்தம் வரை இரண்டு ஃபைலிலும் சாம்பிள் கணக்கில் நீளத்தை அளந்து, ஒன்றை மற்றதன் நீளத்துக்கு இழுத்தேன். மாற்றம் 0.003 சதவீதத்துக்கும் கீழே, சுருதியில் எந்தக் காதுக்கும் தெரியாது. அப்புறமும் நடுவில் மூன்று நாலு இடத்தில் மிருதங்க அடியைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் தள்ள வேண்டியிருந்தது. அந்த அடி வலது ட்ராக்கில் செங்குத்தாக எழும்போது இடது ட்ராக்கில் இன்னும் தட்டையாகக் கிடக்கும். ரெண்டு மில்லி விநாடி என்றால் காற்றில் சுமார் 70 சென்டிமீட்டர். யாரோ ரெக்கார்டரைக் காலால் நகர்த்தியிருப்பார்களோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

கேபிள் விவகாரம் வேறு வகை. ஒரு பெரியவரின் பேச்சு, எதிரே இரண்டு மைக். சேர்த்தேன், ஹெட்ஃபோனில் கேட்டேன், குரல் தலைக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி விசாலமாக இருந்தது, நல்ல ஹால் போல என்று நினைத்து அனுப்பிவிட்டேன். வாங்கியவர் ஒரே ஸ்பீக்கர் உள்ள பழைய போனில் போட்டுக் கேட்டிருக்கிறார். "சார், ஃபேன் சத்தம் நல்லா கேக்குது. ஐயா குரலைத்தான் காணோம்." எங்கள் பட்டறையில் பற்றவைத்த மைக் கேபிள் ஒன்றின் பிளக்கில் இரண்டாம் பின்னும் மூன்றாம் பின்னும் மாறியிருந்தன. அதனால் ஒரு ட்ராக்கில் அலை மேலே போகும்போது மற்றதில் கீழே போகிறது. போன் இரண்டையும் கூட்டி ஒன்றாக்கியதும் இரண்டு மைக்கிலும் சமமாக விழுந்த குரல் ஒன்றையொன்று தின்றுவிட்டது, சமமாக விழாத ஃபேன் சத்தம் தப்பித்தது. ஒரு ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து 'இன்வர்ட்' கொடுத்ததும் பெரியவர் திரும்பி வந்தார். கேபிளில் சிவப்பு டேப் சுற்றி ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன், எறிய மனசு வரவில்லை. அன்றிலிருந்து எது அனுப்பினாலும் முதலில் மோனோவாகக் கலந்து ஒரு தடவை கேட்பேன்.

பேட்டி ஃபைல்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி இடது காதிலும் பதில் வலது காதிலும் வருகிற மாதிரி சேர்த்துக் கொடுத்தால், பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியவருக்குப் பாதிதான் கேட்கும். இரண்டையும் நடுவில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இப்போதெல்லாம் பதிவு ஆரம்பித்ததும் ஒவ்வொரு மைக்கிலும் வாயால் சொல்லிவிடுகிறேன்: "இது சபைக்கு இடது." அப்புறம் மேடை நடுவில் நின்று ஒரு கைதட்டல், முடியும்போது இன்னொன்று. மிருதங்க வித்வான்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

போன சீசனில் நிஜமாகவே ஒரு இடக்கைக்காரர் வாசித்தார். வயலின் இடம் மாறி உட்கார்ந்தது, நான் மைக்கில் சொன்னேன், கைதட்டினேன், எல்லாம் முறைப்படி. புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் சேர்க்கும் வேலையைக் கொடுத்தேன். மறுநாள் கேட்டால் மிருதங்கம் பத்திரமாக இடது காதில் இருக்கிறது.

"மிருதங்கம் லெஃப்ட்லதானே அண்ணே வரணும்? நீங்கதான் மைக்ல மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான். அந்தப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பேசாமல் பழைய பென் டிரைவைத் தேடி எடுத்தேன்.