சி3281-க்கு மாற்று தேடியபோது

எண்பதுகளின் கடைசியில் வந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஒரு சேனல் செத்துப்போய் என் மேஜைக்கு வந்தது. திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டும் ஷார்ட், அவற்றை ஓட்டும் டிரைவர்களில் ஒன்று காலி, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் ஓப்பன். ஆம்ப்ளிஃபயர் போனால் இப்படித்தான் வரிசையாகப் போகும், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவுட்புட்டில் இருந்தது தோஷிபாவின் 2எஸ்சி3281, 2எஸ்ஏ1302 ஜோடி, டிரைவராக 2எஸ்சி2705, 2எஸ்ஏ1145, இன்புட்டில் 2எஸ்கே389 என்ற இரட்டை ஃபெட் (கரண்டால் அல்ல, வோல்டேஜால் கட்டுப்படும் டிரான்சிஸ்டர்). தோஷிபா இவற்றில் ஒன்றைக்கூட இன்று தயாரிப்பதில்லை.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பான் டிரான்சிஸ்டர்களின் உடம்பில் முன்னால் வரும் "2எஸ்" அச்சில் இருக்காது, சி3281 என்று மட்டும்தான் இருக்கும். ஏ, பி என்றால் பிஎன்பி, சி, டி என்றால் அதற்கு எதிர்த்துருவமான என்பிஎன், கே என்றால் என் சேனல் ஃபெட், ஜே என்றால் பி சேனல். இது தெரியாமல் வெறும் 3281 என்று தேடினால் சம்பந்தமே இல்லாத ஏதேதோ வந்து விழும்.

சரி, எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்குமா என்றால், கிடைக்கும். புத்தம் புதிய சி3281 வேண்டிய அளவுக்கு விற்கிறார்கள், அதுதான் எனக்குப் பயமே. தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆன பாகம் பளபளவென்று, சமீபத்திய தேதிக் குறியோடு வருகிறது என்றால் அது வேறு ஏதோ ஒன்றின் மேல் அச்சடித்தது என்றுதான் எடுத்துக்கொள்வேன். சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு ஜோடி வாங்கினேன். நல்லவேளையாக அடுத்த சேனல் உயிரோடு இருந்தது, அதில் இருந்த அசலைக் கழற்றி பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையிலான கபாசிடன்ஸை அளந்தேன், புதிதாக வந்ததையும் அளந்தேன். புதியதில் அசலின் பாதிகூட இல்லை. உள்ளே இருக்கும் சில்லு சிறியதாக இருந்தால் அந்தக் கபாசிடன்ஸும் குறைவாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக்கை உடைத்தே பார்த்துவிட்டேன், பெரிய செம்புத் தகட்டின் நடுவில் ஒரு சின்னஞ்சிறு சில்லு. சத்தம் குறைவாக வைத்தால் அது வேலை செய்யும், கூட்டினால் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். இப்படி விற்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது, ஏனென்றால் பழுது பார்த்தவன் வேலை தெரியாதவன் என்றுதான் செட்டின் சொந்தக்காரர் நினைப்பார்.

அதனால் இப்போதெல்லாம் எண்ணைத் தேடுவதற்கு முன்னால், அந்த இடத்தில் அந்தப் பாகம் என்ன பாடு படுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். இந்த செட்டில் சப்ளை ±58 வோல்ட். சிக்னல் ஒரு முனைக்குப் போகும்போது எதிர்ப்பக்க டிரான்சிஸ்டரின் மேல் கிட்டத்தட்ட 116 வோல்ட் நிற்கும், அதனால் 150-க்குக் குறைந்த எதையும் பார்க்கவே வேண்டாம். அசல் 200 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட், வேகம் 30 மெகாஹெர்ட்ஸ். இதில் பலரும் வோல்டும் ஆம்பியரும் பார்த்துவிட்டு வேகத்தை விட்டுவிடுவார்கள். 2என்3055 போன்ற மெதுவான டிரான்சிஸ்டரை 30 மெகாஹெர்ட்ஸ் ஆளின் இடத்தில் போட்டால் அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பித் தரும் ஃபீட்பேக்கின் கணக்கு கலைந்து ஆம்ப்ளிஃபயர் ஆசிலேட் ஆகலாம், அதாவது தானாகவே சிக்னல் உண்டாக்க ஆரம்பிக்கலாம். அதிக வேகமானதைப் போட்டாலும் அதே ஆபத்து உண்டு. "அதைவிடப் பெரியது, அதனால் நல்லது" என்ற எண்ணம் இங்கே உதவாது.

இந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு டிஜிகீ, மவுசர் போன்ற விநியோகஸ்தர்களின் தேடலில் வடிகட்டினேன். இரண்டு வழி தெரிந்தது. ஒன்று தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி, 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட், வேகமும் 30 மெகாஹெர்ட்ஸ்தான் (இதுவே இப்போது டிடிசி5200, டிடிஏ1943 என்ற பெயரிலும் வருகிறது). இன்னொன்று ஆன் செமியின் எம்ஜேஎல்3281ஏ, எம்ஜேஎல்1302ஏ, 15 ஆம்பியர், 200 வாட். பெயரிலேயே அந்தப் பழைய எண் இருக்கிறது. இரண்டு ஜோடியிலும் கால் வரிசை பேஸ், கலெக்டர், எமிட்டர், அசலைப் போலவே. நான் எம்ஜேஎல் எடுத்தேன், காரணம் பாதுகாப்பு எல்லை, அதாவது எந்த வோல்டில் எவ்வளவு கரண்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற வரம்பு. அதைக் காட்டும் வளைவுப் படத்தை டேட்டாஷீட்டில் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு முக்கியமே அதுதான். 200 வோல்ட் தாங்கும் என்றால் 200 வோல்டில் 15 ஆம்பியர் போகலாம் என்று அர்த்தமில்லை, 100 வோல்டில் ஒரு நொடிக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். எம்ஜேஎல் அதில் 1 ஆம்பியர் தாங்குகிறது. ஸ்பீக்கர் ஒன்றும் சுத்தமான ரெசிஸ்டர் இல்லை, வோல்டும் கரண்டும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் நேரத்தில் இந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

டிரைவருக்கு கேஎஸ்சி3503, கேஎஸ்ஏ1381 போட்டேன். அசல் 150 வோல்ட், 50 மில்லி ஆம்பியர், 200 மெகாஹெர்ட்ஸ், இவை 300 வோல்ட், 100 மில்லி ஆம்பியர், 150 மெகாஹெர்ட்ஸ். உறை கொஞ்சம் பெரிது, கால் வரிசை ஒன்றே. சின்ன டிரான்சிஸ்டர்களில் இந்தக் கால் வரிசையை எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். எழுத்து இருக்கும் தட்டைப் பக்கத்தை நம்மைப் பார்த்தபடி வைத்தால் சி1815 எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி547 கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 எமிட்டர், பேஸ், கலெக்டர். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி, மூன்றும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடக்கூடியவை, ஆனால் அப்படியே எடுத்துச் சொருகினால் மூன்றும் தப்பு.

அதிக நேரம் எடுத்தது அந்த இரட்டை ஃபெட். அதே சேனலில் டிசி ஆஃப்செட் (சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட்டில் நிற்கும் டிசி வோல்டேஜ்) அலைந்துகொண்டே இருந்தது, இரைச்சலும் கேட்டது, அதனால் மாற்றியே ஆக வேண்டும். 2எஸ்கே389-க்குள் இரண்டு ஃபெட்டும் ஒரே உறைக்குள் ஒரே சூட்டில் இருக்கும், அதுதான் அதன் பெருமை. லீனியர் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் எல்எஸ்கே389 நேரடி வாரிசு, ஆனால் அதன் உறை வேறு என்பதால் அடாப்டர் போர்டு வேண்டும். எனக்கு வேறு வழி இருந்தது. செத்த போர்டுகளிலிருந்து கழற்றிச் சேர்த்து வைத்திருந்த 2எஸ்கே170 கொஞ்சம் கையில் இருந்தது, அவற்றிலிருந்து ஒரு ஜோடியைப் பொறுக்கினேன். ஃபெட்டின் கால்களான கேட்டையும் சோர்ஸையும் ஒன்றாகச் சேர்த்து, 9 வோல்ட் பேட்டரியோடு மில்லி ஆம்பியர் மீட்டரைத் தொடரில் வைத்தால் வருவதுதான் ஐடிஎஸ்எஸ், அதாவது அந்த ஃபெட்டின் முழுக் கரண்ட். விரல் சூடு பட்டாலே அளவு நகரும், அதனால் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டுத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த அளவை வைத்துப் பிரித்த வகைகளில் பிஎல் என்றால் 6 முதல் 12 மில்லி ஆம்பியர் வரை, ஜிஆர் என்றால் 2.6 முதல் 6.5 வரை. போர்டில் இருந்தது பிஎல், அதனால் பிஎல்லிலேயே நெருக்கமாக ஒத்த இரண்டைப் பிடித்து, தட்டை முகங்களை ஒட்டி ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். இதற்குமுன் சரிபார்த்தது வோல்டேஜை. 389 தாங்குவது 50 வோல்ட், 170 தாங்குவது 40 தான். இந்த சர்க்யூட்டில் ஃபெட்டுக்கு மேலே கேஸ்கோட் டிரான்சிஸ்டர் (அதிக வோல்டைத் தன் மேல் தாங்கிக்கொள்வது) இருப்பதால் டிரெயினில் 15 வோல்டைத் தாண்டவில்லை. கேஸ்கோட் இல்லாத செட்டாக இருந்திருந்தால் இந்த வழியையே யோசித்திருக்க மாட்டேன்.

கபாசிட்டர்கள் சுலபம். வோல்ட் அதே அளவு அல்லது அதிகம், 105 டிகிரி வகை, விட்டமும் கால் இடைவெளியும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். ஸ்பீக்கர் ரிலேவில் மட்டும் காயிலின் ஓம் அளவைப் பார்த்து வாங்கினேன், ஏனென்றால் அது சப்ளையிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக ஓடுகிறது, காயில் மாறினால் அதற்கு வரும் வோல்டும் மாறும். அப்புறம் டயோடு. கால் பொருந்துகிறது என்பதற்காக எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஸ்விட்ச் ஆகும் பவர் சப்ளை) செகண்டரியில் 1என்4007 போடுகிற பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது மெயின்ஸின் குறைந்த அதிர்வெண்ணுக்கானது, அங்கே வேகமான டயோடுதான் நிற்கும்.

இத்தனை மாற்றியும், இவை ஏன் செத்தன என்று கண்டுபிடிக்காமல் பவர் கொடுத்தால் புதியதும் அதே வழியில்தான் போகும். இங்கே காரணம் பயாஸ் டிரிம்பாட், அதாவது சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் கரண்டை (பயாஸ்) சரிசெய்யும் சின்னத் திருகு ரெசிஸ்டர். நடுமுனை தொடர்பு விட்டுப்போய் பயாஸ் உச்சத்துக்கு ஏறியிருக்கிறது. டிரிம்பாட்டை மாற்றி, மெயின்ஸுக்குத் தொடரில் ஒரு பல்பு போட்டு (ஷார்ட் இருந்தால் கரண்டை அது கட்டுப்படுத்தும்) ஆன் செய்தேன், பல்பு ஒரு முறை மின்னிவிட்டு மங்கியது. பிறகு பல்பை எடுத்துவிட்டு 0.22 ஓமின் குறுக்கே 5.5 மில்லிவோல்ட், அதாவது 25 மில்லி ஆம்பியர், வைத்து, சூடேறிய பின் மறுபடி சரிசெய்தேன். நல்ல சேனலில் அசல் ஜோடியையே திரும்பப் போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேண்டும் என்று நல்லதைத் தூக்கிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அளவுகள் இரண்டிலும் ஒத்து வருகின்றன.

அடுத்து எஸ்டிகே மாட்யூல் (ஆம்ப்ளிஃபயரின் பவர் பகுதி ஒரே கட்டியாக வருவது) வைத்த செட் ஒன்று காத்திருக்கிறது. அந்த மாட்யூல்களைச் செய்த சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவு 2011-இல் ஆன் செமியிடம் போனது. இன்று புதிது என்று விற்கப்படும் எஸ்டிகே எதையும் நான் நம்பத் தயாராக இல்லை. வேறு செட்டிலிருந்து கழற்றிய அசல் கிடைத்தால் அதைப் போடுவேன், இல்லையென்றால் எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி வைத்து ஒரு சின்ன போர்டு. ஆனால் 3886 வேலை செய்வது மொத்தம் 84 வோல்ட் வரைதான், எனவே முதலில் சப்ளையை அளக்க வேண்டும். ±42-ஐத் தாண்டினால் தனித்தனி டிரான்சிஸ்டர்களில் சேனலையே புதிதாகக் கட்டுவதுதான் வழி.